பிரேக்கை விடுவதற்கு முன்: நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை வழி தவறாமல் டாக்ஸி செய்யும் (விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும்) முறை

மாணவர் இன்று ஹோல்டிங் கோட்டை (ஓடுபாதைக்கு முன், அனுமதி வரும்வரை நிற்க வேண்டிய கோடு) அனுமதியின்றித் தாண்டப் போகிறாரா என்பது வலது இருக்கையில் பயிற்சியாளராக இருக்கும் எனக்குப் பார்க்கிங் பிரேக்கை விடும்போதே தெரிந்துவிடும். விமான நிலைய வரைபடமான சார்ட் பின்சீட்டுப் பையில் கிடக்கும். பேனா வாயில் இருக்கும். ஒரு கை ரேடியோ அலைவரிசையைத் திருகிக்கொண்டிருக்கும், இன்னொரு கை த்ராட்டிலில். விமானம் கிளம்பிவிட்டது; ஆள் இன்னும் கிளம்பவில்லை.

இருக்கக் கூடாத நேரத்தில் ஒரு விமானமோ ஜீப்போ ஆளோ ஓடுபாதையின் பாதுகாப்புப் பகுதிக்குள் வந்துவிடுவதை ரன்வே இன்கர்ஷன் என்கிறோம். கீழே சொல்லும் முறை, தனியாக செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டும் மாணவருக்கும், ஏர்பஸ்ஸில் புதிதாக வலது இருக்கைக்கு வந்த கோ-பைலட்டுக்கும் பொருந்தும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். டாக்ஸியில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை, செய்ய வேண்டிய வேலையையே தப்பான நேரத்தில் செய்ததால் வந்தவை.

1. கையில் இருக்க வேண்டியவை

அன்றைய தேதிக்குச் செல்லுபடியாகும் ஏரோட்ரோம் சார்ட், நோட்டாம் (மூடிய பாதை போன்ற மாற்றங்களைச் சொல்லும் அறிவிப்பு), ஏட்டிஸ் தகவல் (வானிலையையும் பயன்பாட்டிலுள்ள ஓடுபாதையையும் சொல்லும் ஒலிபரப்பு), தொடையில் கட்டிய எழுதுபலகை, இரண்டு பேனா. ஒரு பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த மூன்று விநாடியில் டாக்ஸிவேயின் (ஓடுபாதைக்குப் போகும் தரைவழியின்) நடுக்கோட்டிலிருந்து புல்லை நோக்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டேப்லெட்டில் சார்ட் வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மே மாத வெயிலில் ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளத்தில்) பத்து நிமிடம் நின்றால் திரை மங்கும், சூடேறி அணைந்தும் போகும். தாளில் ஒரு பிரதி இருக்கட்டும்.

நோட்டாமைப் படித்தால் மட்டும் போதாது, படித்ததைச் சார்ட்டில் சிவப்புப் பேனாவால் அடித்துக் குறியுங்கள். 2000 அக்டோபர் 31 அன்று தைபேயில், புயல் மழையில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006 விமானம் 05 லெஃப்ட் ஓடுபாதைக்குப் பதில் பக்கத்திலிருந்த 05 ரைட்டில் டேக்-ஆஃப் ஓடியது. கட்டுமான வேலைக்காக மூடியிருந்த பாதை அது. 83 பேர் இறந்தார்கள். மூடியிருக்கிறது என்ற தகவல் விமானிகளுக்குத் தெரியாத ஒன்றல்ல. அறையில் படித்த வரி, மழையில் கண்ணாடிக்கு வெளியே பார்க்கும்போது நினைவுக்கு வராது. சார்ட்டில் சிவப்பாகப் போட்ட குறுக்குக்கோடு அங்கேயே இருக்கும்.

2. நின்ற இடத்திலேயே வேலையை முடியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்; இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

கிரவுண்ட் (டாக்ஸி போக்குவரத்தைப் பார்க்கும் கன்ட்ரோலர்), டவர் (ஓடுபாதையைப் பார்க்கும் கன்ட்ரோலர்) அலைவரிசைகள், ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண், ஜிபிஎஸ்ஸில் வழி, டேக்-ஆஃப் வேகங்கள், எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்ற பேச்சு, பயணியின் சீட் பெல்ட், செல்போனை அணைப்பது என்று தலையைக் குனிய வைக்கும் எதுவாக இருந்தாலும் பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும்போதே முடியுங்கள். காரணம் எளிது. பதினைந்து நாட் வேகத்தில் விமானம் விநாடிக்கு ஏழெட்டு மீட்டர் போகிறது. பத்து விநாடி குனிந்தால் எழுபது, எண்பது மீட்டர். பல இடங்களில் ஒரு திருப்பத்துக்கும் அடுத்த ஹோல்டிங் கோட்டுக்கும் நடுவே அவ்வளவு தூரமே இருக்காது.

அனுபவம் வந்தால் இது சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 13 இரவு, நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம். லண்டன் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 777-க்கு, கிலோ (கே) டாக்ஸிவேயில் 31 லெஃப்ட் ஓடுபாதையைக் கடக்க அனுமதி கிடைத்தது. ஆனால் விமானம் ஜூலியட் (ஜே) டாக்ஸிவேயில் திரும்பி 4 லெஃப்ட் ஓடுபாதையைக் கடந்தது. அதே 4 லெஃப்டில் டெல்டாவின் 737 டேக்-ஆஃப் ஓட்டத்தில் இருந்தது. டவர் கத்தி நிறுத்தியதால், 777 கடந்த இடத்துக்குச் சுமார் 1,000 அடி முன்னே அது நின்றது. 777-இன் காக்பிட்டில் இருந்தது மூன்று விமானிகள். டாக்ஸியின்போது ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்த்ததால் கவனம் சிதறியது, எங்கே இருக்கிறோம் என்ற பிடி விட்டுப்போனது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது.

அரட்டை அடித்து வந்த வினை இல்லை இது. செய்துகொண்டிருந்தது அலுவல் வேலைதான். அதனால்தான் "வேலைதானே பார்த்தேன்" என்று ஒரு மாணவர் சொல்லும்போது நான் சமாதானம் ஆவதில்லை.

3. வழியை விரலால் ஓட்டிப் பாருங்கள்

கிளியரன்ஸ் (நகர அனுமதி) கேட்பதற்கு முன்பே, எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கிறது என்பதை ஏட்டிஸ் சொல்லிவிடும். எந்த வழியாக அனுப்புவார்கள் என்று ஊகித்துச் சார்ட்டில் விரலை ஓட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: முதல் திருப்பம் இடமா வலமா, எத்தனை ஓடுபாதையைக் கடக்கிறோம், எங்கே நிற்கிறோம்.

கடக்கும் ஓடுபாதைகளின் எண்ணிக்கையைக் காகிதத்தின் மேல் மூலையில் பெரிதாக எழுதச் சொல்வேன். பூஜ்யம் என்றாலும் எழுத வேண்டும். "பூஜ்யம்" என்று எழுதியவர் வழியில் ஓடுபாதையைக் காட்டும் சிவப்புப் பலகையைப் பார்த்தால் உடனே துணுக்குறுவார். அந்தத் துணுக்குதான் நமக்கு வேண்டும்.

சார்ட்டில் ஹாட்ஸ்பாட் என்று வட்டம் போட்டிருக்கும் இடங்கள், முன்பு மற்றவர்கள் குழம்பிய இடங்கள். சென்னையைப் போல 07/25, 12/30 என்று இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டும் ஊர்களில், வட்டம் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சந்திப்பைச் சுற்றி நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸிவே குறைவாக இருந்து ஓடுபாதையிலேயே பேக்டிராக் (எதிர்த்திசையில்) போக வேண்டிய ஊர்களில், எதுவரை போய்த் திரும்ப வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

4. கிளியரன்ஸை எழுதுங்கள், திருப்பிச் சொல்லுங்கள், பிறகு நகருங்கள்

மூன்றும் இந்த வரிசையில்தான். கற்பனையாக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். கிரவுண்ட் சொல்கிறது: "டாக்ஸி டு ஹோல்டிங் பாயிண்ட் ரன்வே 27, வயா பிராவோ, ஆல்ஃபா, ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே 32." அதாவது பி, ஏ டாக்ஸிவேகள் வழியாக 27-இன் ஹோல்டிங் கோடு வரை போக வேண்டும், ஆனால் 32-க்கு முன்னே நிற்க வேண்டும். காகிதத்தில் 27, கீழே பி, ஏ, அதன் பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு 32. அவ்வளவு போதும். அந்த இரண்டு கோடுகள் சுவர் மாதிரி கண்ணில் படும்.

திருப்பிச் சொல்லும்போது ஓடுபாதை எண், நிற்க வேண்டிய இடம், கால் சைன் (விமானத்தின் அழைப்புப் பெயர்) மூன்றும் வர வேண்டும். "ராஜர்" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. நீங்கள் எதைக் காதில் வாங்கினீர்கள் என்று கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? உங்கள் கால் சைனைப் போலவே ஒலிக்கும் இன்னொரு விமானம் அலைவரிசையில் இருந்தால், கால் சைனை முழுதாக, நிதானமாகச் சொல்லுங்கள்.

இங்கே மாணவர்கள் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, கேட்க நினைத்ததைக் கேட்பது. தினமும் பிராவோ, ஆல்ஃபா என்று போனவருக்கு இன்று பிராவோ, சார்லி என்று சொன்னாலும் ஆல்ஃபா என்றே காதில் விழும். எழுதும்போது கை நிற்கும்; அதற்காகவும்தான் எழுதச் சொல்வது.

இரண்டாவது, அனுமதியல்லாத சொல்லை அனுமதியாக எடுத்துக்கொள்வது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹானெடாவில், ஜப்பான் கடலோரக் காவல்படையின் டாஷ் 8 விமானத்துக்கு சி5 ஹோல்டிங் பாயிண்ட் வரை வரும்படி சொன்னார்கள். புறப்படும் வரிசையில் நீங்கள் நம்பர் ஒன் என்றும் சொன்னார்கள். கோட்டில் நிற்க வேண்டிய விமானம் 34 ரைட் ஓடுபாதைக்குள் போய் நின்றது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் வெளியேறிவிட்டார்கள். டாஷ் 8-இல் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். "நம்பர் ஒன்" என்பது வரிசை எண் மட்டுமே. அதன் பிறகு அங்கே சில காலம் அந்தச் சொல்லையே நிறுத்தி வைத்தார்கள்.

ஓடுபாதைக்குள் போக உதவும் சொற்கள் மிகச் சில: கிராஸ், என்டர், பேக்டிராக், லைன் அப் அண்ட் வெயிட் (ஓடுபாதையில் ஏறி நின்று காத்திரு), கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப். இவற்றில் ஒன்று, ஓடுபாதை எண்ணோடு, உங்கள் கால் சைனுக்கு வந்ததா? வரவில்லை என்றால் கோடு சுவர்தான். 1977-இல் டெனரிஃபில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்தபின் வந்த கட்டுப்பாடு ஒன்றும் இருக்கிறது: அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, "டிபார்ச்சர்" என்றே சொல்ல வேண்டும். நீங்களும் அப்படியே பேசுங்கள்.

புரியவில்லையா? நகராதீர்கள். "சே அகெய்ன்" என்று கேளுங்கள். ஊர் புதிது என்றால் அதையும் சொல்லுங்கள். முன்னே போய் வழிகாட்டும் ஃபாலோ-மீ ஜீப் கேட்பதில் வெட்கமில்லை.

5. நகர்ந்த பிறகு கண் வெளியே

நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததும் முதலில் பிரேக் சோதனை. பிறகு, வேகமாக நடக்கும் ஆளின் வேகம். நீளமான நேர்ப்பாதையில் கொஞ்சம் கூட்டலாம், திருப்பத்துக்கு முன் குறைத்துவிடுங்கள்.

திரும்பும்போது காம்பஸ், ஹெடிங் கருவி, டர்ன் கோ-ஆர்டினேட்டர் சரியாக நகர்கின்றனவா என்று பார்ப்பது செஸ்னாவில் வழக்கம். அதை ஏப்ரனை விட்டு வெளியேறும் முதல் திருப்பத்திலேயே முடித்துவிடுங்கள். சிலர் மறந்துவிட்டு, ஓடுபாதைக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் ஞாபகம் வந்து குனிவார்கள். கடைசித் திருப்பத்தில் பார்க்க வேண்டியது கோட்டை.

பலகைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பாடு: கறுப்பில் இருக்கிறேன், மஞ்சளில் போகிறேன், சிவப்பில் நிற்கிறேன். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் இப்போது இருக்கும் டாக்ஸிவே. மஞ்சளில் கறுப்பு எழுத்தும் அம்பும் என்றால் வழிகாட்டி. சிவப்பில் வெள்ளை என்றால் முன்னே ஓடுபாதை, அல்லது அனுமதியின்றி நுழையக் கூடாத இடம். ஒவ்வொரு சந்திப்பிலும் பலகையை வாய்விட்டுப் படித்து, காகிதத்தோடு ஒப்பிடுங்கள். சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தவறாகப் போவது அபூர்வமில்லை. 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாத்தேயில், மூடுபனியில், ஒரு சிறு செஸ்னா ஜெட்டை ஆர்5 டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்னார்கள். விமானியும் ஆர்5 என்றே திருப்பிச் சொன்னார். போனது ஆர்6-இல். அது கொண்டுபோய் விட்டது ஓடுபாதையில், புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 பயணிகள் விமானத்தின் எதிரே. 118 பேர் இறந்தார்கள். அங்கே தரைக் குறியீடுகளும் பலகைகளும் மோசமாக இருந்தன, தரை ரேடாரும் வேலை செய்யவில்லை. எல்லாப் பழியையும் விமானிமேல் போட முடியாது. ஆனால் பலகை மோசமான ஊரில்தான் நிதானம் அதிகம் வேண்டும்.

டாக்ஸியின்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு வேண்டாம். இருவர் இருந்தால், ஒருவர் குனிய வேண்டிய நேரத்தில் "உள்ளே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குனியட்டும், முடிந்ததும் "வெளியே வந்துவிட்டேன்" என்று சொல்லட்டும். கேலியாகத் தோன்றும். ஒரு வாரத்தில் பழகிவிடும். பயணியாக வரும் சொந்தக்காரரிடம், நான் பேசச் சொல்லும்வரை பேசாதீர்கள் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மாமாவுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

6. அந்த நான்கு கோடுகள்

ஹோல்டிங் பொசிஷன் என்பது டாக்ஸிவேயின் குறுக்கே போட்ட நான்கு மஞ்சள் கோடுகள். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நில்லுங்கள். விட்ட கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதையின் உள்ளே இருக்கிறீர்கள், தாண்டி வெளியேறுங்கள்.

எங்கே நிற்பது? கோட்டை மூக்குச் சக்கரம் தொடும்வரை போகாதீர்கள். செஸ்னாவின் எஞ்சின் மூடிக்குக் கீழே கோடு மறைவதற்கு முன்பே நின்றுவிடுங்கள். இதை நான் கற்றது நல்ல விதமாக இல்லை. புதிதாக லைசென்ஸ் வாங்கிய காலம், அந்தி நேரம், டவர் அலைவரிசையில் ஒரு எண் தப்பாக இருந்தது. திருகிச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது முன்னே கோடு இல்லை. எனக்குக் கீழே இருந்தது. இறங்க வந்த விமானம் மேலே போக வேண்டியதாயிற்று. அன்று திட்டியவர் குரலை இன்றும் என்னால் அடையாளம் காட்ட முடியும்.

பாதையின் இருபுறமும் மாறி மாறி மினுக்கும் மஞ்சள் விளக்கு இருந்தால், ஓடுபாதை நெருங்கிவிட்டது என்று பொருள். குறுக்கே வரிசையாகச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஸ்டாப் பார். அனுமதி வாங்கியிருந்தாலும் எரியும் ஸ்டாப் பாரைத் தாண்டக் கூடாது. "ஸ்டாப் பார் எரிகிறது" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

டேக்-ஆஃபுக்கு முந்தைய செக்லிஸ்ட்டையும் ரன்-அப்பையும் (எஞ்சின் சோதனை) நின்றபின் செய்யுங்கள். நடுவில் ரேடியோ குறுக்கிட்டால், விட்ட இடத்தைத் தேடாதீர்கள். முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

7. நடுவழியில் திட்டம் மாறினால்

காற்று திரும்பிவிட்டது, 27-க்குப் பதில் 09 என்கிறார்கள். பத்தில் எட்டு மாணவர்கள் ஓட்டிக்கொண்டே எழுதுவார்கள், ஓட்டிக்கொண்டே சார்ட்டைத் திருப்புவார்கள்.

நில்லுங்கள். "ஹோல்டிங் பொசிஷன், ஸ்டாண்ட் பை" (இருக்கும் இடத்திலேயே நிற்கிறேன், பொறுங்கள்) என்று சொல்லிவிட்டு பார்க்கிங் பிரேக் போட்டு, இரண்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள். எழுதுவது, விரலோட்டம், எண்ணிக்கை எல்லாம் மறுபடியும். பின்னால் ஒரு ஏடிஆர் பயணிகள் விமானம் காத்திருக்கிறதே என்று சங்கடமாக இருக்கும். காத்திருக்கட்டும். ஒரே விதிவிலக்கு, நீங்கள் ஓடுபாதைமேல் இருந்தால்: அங்கே நின்று யோசிக்கக் கூடாது, வெளியேறியபின் நில்லுங்கள்.

8. ஓடுபாதையைக் கடப்பதும் அதில் லைன் அப் ஆவதும்

கோட்டைத் தாண்டுமுன் இடது, வலது, இறங்கும் பாதை மூன்றையும் பாருங்கள். "இடம் காலி, வலம் காலி, ஃபைனல் காலி" என்று குரலில் சொல்லுங்கள். எல்லா வெளிவிளக்கையும் போடுங்கள். கடக்கும்போது நடுவில் நிற்காதீர்கள், எந்தச் செக்லிஸ்ட்டையும் தொடாதீர்கள்.

"பிஹைண்ட் தி லேண்டிங் ஏடிஆர், லைன் அப், பிஹைண்ட்" (இறங்கும் ஏடிஆர் போனபின் ஓடுபாதையில் ஏறி நில்) என்று நிபந்தனையோடு அனுமதி வரலாம். அந்த ஏடிஆரைக் கண்ணால் பார்த்தீர்களா? ஒரு மாணவர் இறங்கிய விமானத்தைப் பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தார். நான் பிரேக்கை மிதித்தேன். "சார், அதான் இறங்கிருச்சே." "அது ஏர்பஸ், தம்பி. ஏடிஆர் இன்னும் மேலே இருக்கு." எந்த விமானம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கேளுங்கள்.

ஓடுபாதையில் லைன் அப் ஆனதும் தரையில் எழுதிய ஓடுபாதை எண்ணையும் காம்பஸையும் ஒப்பிடுங்கள் (27 என்றால் சுமார் 270 டிகிரி). இரண்டு விநாடி வேலை. 2006 ஆகஸ்ட் 27 விடியற்காலையில் அமெரிக்காவின் லெக்ஸிங்டனில் காம்ஏர் 5191 விமானத்துக்குக் கிடைத்த அனுமதி 22-க்கு, 7,000 அடிக்குச் சற்று அதிகமான ஓடுபாதை. ஓடியது சுமார் 3,500 அடியே உள்ள 26-இல். 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். டாக்ஸியில் தேவையற்ற பேச்சு ஓடியது விசாரணையில் தெரிந்தது. இரண்டு ஓடுபாதைக்கும் திசையில் 40 டிகிரி வித்தியாசம். ஹெடிங் கருவி அதைக் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

ஓடுபாதையில் நிறுத்தி வைத்து ஒன்றரை நிமிடம் ஆகியும் டவர் எதுவும் சொல்லவில்லை என்றால், மறந்துவிட்டார்களோ என்று தயங்காமல் கேளுங்கள்.

9. இறங்கிய பிறகு

இறங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் கை தானாக ஃபிளாப் (இறக்கையின் பின்மடிப்பு) நெம்புகோலுக்குப் போகும். விடுங்கள். ஓடுபாதையை விட்டு வெளியேறி, வால்கூட கோட்டைத் தாண்டியபின் நின்று அந்த வேலையைப் பாருங்கள். மூக்கு தாண்டியதும் நிறுத்தினால் பின்பாதி இன்னும் ஓடுபாதையின் பாதுகாப்புப் பகுதிக்குள்தான். அனுமதி இல்லாமல் இன்னொரு ஓடுபாதை வழியாகத் திரும்பி வெளியேறவும் கூடாது.

10. வழி தவறினால், கோட்டைத் தாண்டிவிட்டால்

எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால், டாக்ஸிவேயில் நின்று கிரவுண்டிடம் சொல்லுங்கள். அரைகுறை நிச்சயத்தோடு "ஆல்ஃபாவில் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அதை நம்பி இன்னொருவரை நகர்த்துவார்கள். கண்ணுக்குத் தெரியும் பலகையில் உள்ளதை அப்படியே படியுங்கள்.

கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் ஓடுபாதைக்குள் இன்னும் போகவில்லை என்றால் அங்கேயே நின்று உடனே சொல்லுங்கள். ஓடுபாதையிலேயே ஏறிவிட்டீர்கள் என்றால், டவரிடம் சொல்லிக்கொண்டே அருகிலுள்ள வழியில் வெளியேறுங்கள். நீங்களாக யூ-டர்ன் போடாதீர்கள்.

அன்றைக்கே அறிக்கை எழுதிக் கொடுங்கள். அதோடு என் மாணவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: சார்ட் பிரதியில் போன வழியைச் சிவப்பிலும் போயிருக்க வேண்டிய வழியைப் பச்சையிலும் வரைய வேண்டும், இரண்டும் பிரியும் இடத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். என் அலமாரியில் இருக்கும் அந்தத் தாள்களில் அதிகம் வரும் சொல் "ரேடியோ". அதற்கு அடுத்து "பேனா".